இடையில் ஏதாவது ஞாபகம் இருக்கா?

...முப்பத்தாறாவது நோயாளி வரைக்கும் போனில் கூப்பிட்டாகிவிட்டது, அடுத்தது முப்பத்தெட்டு என்று விரல் தானாகத் தாண்டிப் போகிறது, மூன்று நாளாக இதே கூத்து, முப்பத்தேழைத் தொடாமல் நாற்பதுக்குப் போய், ஐம்பதுக்குப் போய், இன்று பட்டியலில் மிச்சம் அந்த ஒரே வரிதான், லிஃப்ட் மெக்கானிக், வயது ஐம்பத்திரண்டு, வெண்டிலேட்டரில் பதினொரு நாள். இனிச் சாக்குச் சொல்ல ஒன்றுமில்லை. டீ குடித்தாயிற்று, பேனாவின் மூடியைத் தேடி எடுத்தாயிற்று, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு மறுபடி திறந்தும் ஆயிற்று. பக்கத்து அறையில் எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள், என்னை யாரும் கூப்பிடவில்லை, கூப்பிட்டால் நான் போவதில்லை என்பது அவர்களுக்குப் பழகிவிட்டது. இந்த ஆய்வு ஆரம்பித்தபோது சீஃப், "போன்ல பேசுற வேலைய நீங்களே எடுத்துக்குங்க டாக்டர், உங்க குரல் சாந்தமா இருக்கு" என்றார். மயக்க மருந்து டாக்டருக்குக் குரல் அப்படித்தான் இருக்கும், ஆளைத் தூங்க வைக்கிற பிழைப்பு. வீட்டில் பேச ஆளில்லாதவளுக்கு நாளெல்லாம் பேசுகிற வேலை, நல்ல பொருத்தம்தான் போங்கள். கொரோனாவில் வெண்டிலேட்டர் போட்டுப் பிழைத்தவர்களிடம் ஐந்து கேள்வி கேட்க வேண்டும். தூங்குவதற்கு முன் கடைசியாக என்ன ஞாபகம், விழித்ததும் முதலில் என்ன ஞாபகம், இடையில் ஏதாவது ஞாபகம் இருக்கிறதா, கனவு வந்ததா, எல்லாவற்றிலும் மோசமானது எது. முடிவில், இப்போது வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு. எதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு வலியும் தூக்கமின்மையும் இன்னும் விடாமல் இருக்கிறது என்று தெரிந்தால், அடுத்த முறை மருந்தை வேறு மாதிரி கொடுக்கலாம். எனக்குப் பயம் மூன்றாவது கேள்வி ஒன்றில்தான், அதுவும் இந்த ஒரே ஆளிடம்தான்.

அவருக்கு இரண்டு சிரிஞ்சு ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று தூங்க வைப்பது, மற்றது உடம்பை அசையாமல் வைப்பது. முதலாவது தீர்ந்து இரண்டாவது மட்டும் ஓடினால் என்ன ஆகும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை, ஆள் விழித்திருப்பார், கண்ணிமையைக்கூட அசைக்க முடியாது. தூக்க மருந்து தீரப்போகிறது என்று சிரிஞ்சைத் தள்ளுகிற பம்பு கத்தியது, சத்தத்தை நிறுத்துகிற பொத்தானை நான் அமுக்கினேன், எல்லோரும் அமுக்குவோம், புது சிரிஞ்சு கையில் இருக்கும்போது அந்தச் சத்தம் எதற்கு என்று அமுக்குவோம், அமுக்கிய கையோடு பக்கத்துப் படுக்கையில் ஒருவருக்கு இதயம் நின்றது, ஓடினேன். அமுக்கிய பம்பு என்னைத் திரும்பக் கூப்பிடவில்லை. பன்னிரண்டு நிமிடம் கழித்துத்தான் என் பையில் அந்தப் புது சிரிஞ்சு இடித்தது. மாற்றினேன். மாற்றிய நேரத்தை எழுதினேன். காலியாகக் கிடந்ததை எழுதவில்லை... ஏன் எழுதவில்லை? கை ஓடவில்லை என்று இத்தனை நாளாக எனக்கே சொல்லிக்கொள்கிறேன். மாற்றிய நேரத்தை மட்டும் எழுத அந்தக் கை ஓடியதே.

அன்று புத்தி என்னிடம் இல்லை என்பதும் நிஜம்தான். காலை பதினொரு மணிக்குப் பாதுகாப்பு உடுப்பை மாற்ற வெளியே வந்தபோது லாக்கரில் போன், தங்கையின் அழைப்பு இரண்டு தவறியிருந்தது. அம்மா வேறு ஊரில், வேறு ஆஸ்பத்திரியில். கூப்பிட்டிருக்கலாம், இரண்டு நிமிடம். சாயங்காலம் நிதானமாகப் பேசிக்கொள்ளலாம் என்று புது உடுப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். மறுபடி இரண்டு மணிக்கு வந்தபோது ஏழு அழைப்பு, கடைசியில் ஒரு செய்தி. அம்மா போய்விட்டாள். என்னை மாற்ற வேண்டிய டாக்டருக்குக் காய்ச்சல், அதனால் திரும்பவும் உள்ளே. அழுதால் கண்ணாடியில் ஆவி படியும் என்று அழவும் இல்லை. அப்புறம்தான் பம்பு, பக்கத்துப் படுக்கை, காலி சிரிஞ்சு. மருந்து மறுபடி ஏற ஐந்தாறு நிமிடம் ஆகும், ஒருவேளை விழித்திருந்தால் பயப்படாமல் இருக்கட்டும் என்று அவர் காதருகே குனிந்து, நீங்க ஆஸ்பத்திரியில இருக்கீங்க, நான் பக்கத்துலதான் இருக்கேன் என்று ஆரம்பித்தேன். நிறுத்தவில்லை. அம்மாவைப் பற்றிச் சொன்னேன், தங்கையைப் பற்றி, எடுக்காத போனைப் பற்றி. அவருக்காகத்தான் பேசினேன் என்று நேற்றுவரை நினைத்திருந்தேன். பதில் சொல்லாத ஒரு ஆள் கிடைத்தான் என்றுதானே பேசினாய்? அன்றிலிருந்து தங்கை என்னோடு பேசுவதில்லை. ஊரெல்லாம் சாவுற நேரத்துல பக்கத்துல நின்ன, பெத்தவளுக்கு ஒரு போன் எடுக்கல என்றாள், அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

எண்ணை அழுத்திவிட்டேன் போலிருக்கிறது, மணி அடிக்கிறது. எடுத்துவிட்டார். ஆய்வு என்று சொன்னதும், "கேளுங்க டாக்டர், லஞ்சு டைம்தான்" என்கிறார், பின்னால் இரும்பு உரசுகிற சத்தம். முதல் கேள்விக்கு, முகத்தில் வைத்த மாஸ்க். இரண்டாவதற்கு, ஒரு நர்சின் கையுறை. இடையில ஏதாவது ஞாபகம் இருக்கா? பின்னால் இரும்புச் சத்தம் நின்றது. "இருக்கு" என்றார். இருக்கு. கண்ணைத் திறக்க முடியவில்லையாம், குழாய் தொண்டையை அறுத்ததாம், விரலை அசைத்துப் பார்த்தால் விரலே இல்லாத மாதிரி. "லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டவங்க கத்துவாங்க டாக்டர், தட்டுவாங்க, நாங்க போய்த் திறப்போம். எனக்கு அதுவும் முடியல. அப்புறம் ஒரு அம்மா வந்து காதுகிட்ட பேசினாங்க."

பேனா படிவத்தின் கட்டத்தில் நிற்கிறது, 'ஆம்' என்பதில் கோடு போட்டேனா இல்லையா. நான்காவது கேள்வியை விட்டுவிட்டேன். எல்லாத்துலயும் மோசமானது எது என்று கேட்டேன். சிரித்தார், உண்மையாகவே சிரித்தார். "அந்தம்மா திடீர்னு, நான் செஞ்சது தப்பான்னு கேட்டாங்க பாருங்க! டாக்டர் வந்து காதுல அப்படிக் கேட்டா எப்படி இருக்கும்? சரி, நம்ம கதை முடிஞ்சுதுன்னு நெனச்சேன். அப்புறம்தான் அவங்க அம்மா விஷயம்னு புரிஞ்சுது. பாவம். ஏதாவது சொல்லணும்னு பாத்தேன், முடியல. அதுதாங்க மோசம், வலியக்கூட அதுக்கு அப்புறம்தான் சொல்லுவேன்."

ஆம் என்று எழுதினால் அடுத்த கட்டத்தில் காரணம் கேட்கும், தெரியாது என்று எழுதலாம், எழுதியிருக்கிற எந்தக் காகிதத்திலும் இது இல்லை, இவருக்கும் தெரியாது, நன்றி சொல்லி வைத்துவிடலாம், வலி எவ்வளவு என்று கேட்டு ஒரு எண் போட்டுவிட்டு சாப்பிடப் போகலாம்... "அது நான்தாங்க" என்றேன். என் குரல் சாந்தமாக இல்லை. "தூங்குற மருந்து தீந்து போச்சு. பம்பு சத்தம் போட்டுது, நான்தான் அமுக்கினேன், அப்புறம் மறந்துட்டேன். பன்னிரண்டு நிமிஷம். இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல." சொல்லி முடித்ததும் மன்னிச்சிடுங்க என்று வரவேண்டிய இடத்தில், அன்று அவர் காதில் கேட்ட அதே பழைய கேள்விதான் என் வாயில் வந்தது, நான் செஞ்சது தப்பா?

அவர் வைத்துவிடவில்லை. மூச்சு கேட்கிறது, பழக்கதோஷம், எண்ணுகிறேன், நிமிடத்துக்குப் பதினாறு இருக்கும், சீராகத்தான் இருக்கிறது, குழாய் இல்லாமல் அவரே விடுகிற மூச்சு. தாழ்வாரத்தில் யாரோ சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு போகிறார்கள். இந்த முறை அவரால் பதில் சொல்ல முடியும். இரண்டு நிமிடம் ஆகியிருக்குமா? பேனாவைக் கீழே வைக்கலாம், போனை வேறு காதுக்கு மாற்றலாம், ஆனால் என் விரல் எதுவும் அசையவில்லை, அன்று இதைப் போல ஆறு மடங்கு நேரம் அவர் கிடந்திருக்கிறார் என்று இப்போதுதான் கணக்கு வருகிறது.