எல்லாருக்கும் ஒரே குரல்

சிட்னியின் குவேக்கர்ஸ் ஹில்லில் கமலினியின் வீட்டுக்கு வேலி ஒட்டிய வீடு யூரெக்குடையது. அவரும் மனைவி ஹலினாவும் போலந்திலிருந்து வந்து நாற்பது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. ஞாயிறு தவறாமல் மரயோங் தேவாலயத்தில் போலிஷ் மொழியில் நடக்கும் பூசைக்குப் போவார்கள். மற்ற நாட்களில் தக்காளிக்குத் தண்ணீர் விடுவார்கள், வேலிக்கு மேலால் தலையசைப்பார்கள். கமலினிக்கும் அவர்களுக்கும் இடையில் பல வருடங்களாக அந்தத் தலையசைப்பு மட்டுந்தான் இருந்தது.

கமலினியின் கணவர் மகாதேவன் இறந்த வருடம் அது மாறியது.

மகாதேவன் இருந்தவரை வெளி உலகத்தோடு பேசுகிற வேலை அவருடையது. வங்கி, டொக்டர், பள்ளிக்கூடம், தொலைபேசி என்று எல்லாவற்றிலும் அவர் முன்னால் நிற்பார், கமலினி அவர் தோளுக்குப் பின்னால் நிற்பாள். அவர் பரமட்டா ஸ்டேஷனில் விழுந்த அன்று வந்த தொலைபேசியைத்தான் அவள் முதன்முதலில் தனியாக எடுத்தாள். ஒரு பெண் வேகமாக, மிகவும் கனிவாக எதையோ சொன்னாள். கமலினிக்குக் 'கணவர்' என்ற ஒரு சொல் மட்டும் பிடிபட்டது. மரியாதைக்காக "யெஸ், யெஸ், தாங்க் யூ" என்று சொல்லி வைத்துவிட்டுச் சோற்றை வடிக்கப் போனாள். என்ன செய்திக்கு நன்றி சொன்னாள் என்பது மகன் யதுர்சன் வீட்டுக்கு ஓடி வந்தபோதுதான் தெரிந்தது. அதன்பிறகு அவள் இங்கிலீஷ் வகுப்புக்குப் போய் ஓரளவு கற்றுக்கொண்டாள். அந்தத் 'தாங்க் யூ' மட்டும் தொண்டையில் முள்ளாகவே கிடந்தது.

அந்த நத்தாருக்கு, யேசு பிறந்த நாளுக்கு, முதல் நாள் ஹலினாவுக்கு வந்த பார்சல் ஒன்றைத் தபால்காரர் கமலினியின் வாசலில் போட்டுவிட்டுப் போனார். கொடுத்துவிட்டு வரலாம் என்று போனவளை ஹலினா கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். மேசையடியில் ஆளில்லாத ஒரு கதிரை, அதன் முன்னால் ஒரு சுத்தமான சாப்பாட்டுக் கோப்பை. அந்த இரவில் எதிர்பாராமல் வருகிறவருக்கென்று ஓர் இடம் வைப்பது அவர்கள் வழக்கமாம். அன்று அவர்களும் இறைச்சி தொடமாட்டார்கள். துக்கத்தில் மச்சம் மாமிசம் விட்டிருந்த கமலினிக்கு, முட்டைக்கோவாவும் காளானும் வைத்து அவித்த, கொழுக்கட்டை மாதிரியான ஒன்று கிடைத்தது. உப்புக் கொஞ்சம் குறைவு. ஆனாலும் அந்த வருடத்தில் அவள் பசியோடு உண்ட முதல் சாப்பாடு அது.

பிறகு தொலைக்காட்சியைப் போட்டார்கள். ஏதோ பழைய அமெரிக்கச் சிரிப்புப் படம். ஒரு பெண் கத்தினாள், ஒரு குண்டு மனிதன் ஏணியிலிருந்து விழுந்து அலறினான், பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். யூரெக் தன் கதிரையில் சாய்ந்தபடி, அத்தனை பேருடைய பேச்சையும் போலிஷில் சொல்லிக்கொண்டிருந்தார். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் விழுகிறவனுக்கும் ஒரே குரல். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. மழை அறிவிப்பு வாசிக்கிறவர்போலச் சொன்னார். ஹலினா கண்ணீர் வரச் சிரித்தாள்.

போலந்தில் வெளிநாட்டுப் படங்களை அப்படித்தான் காட்டுவார்கள் என்று யூரெக் விளக்கினார். ஒரே ஒரு ஆள் எல்லாருடைய பேச்சையும் மேலால் வாசித்துக்கொண்டு போவான். இங்கே வந்தபோது ஹலினாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. முதல் வாரமே அவர் அந்த ஆளாகிவிட்டார். பின்னேரமானால் ஒரு படமோ நாடகமோ, பக்கத்தில் அவர் குரல். கடைக்குப் போய்வரத் தேவையான நாலு சொல்லுக்கு மேல் ஹலினா இங்கிலீஷ் கற்கவே இல்லை.

"ஏன் அண்ணை எல்லாத்தையும் ஒரே மாதிரிச் சொல்லுறீங்கள்? அவன் அழுறான், நீங்கள் அழாமல் சொல்லுறீங்கள்?" என்று கமலினி கேட்டாள். இங்கிலீஷில்தான் கேட்டாள்; 'அண்ணை' மட்டும் தானாக ஒட்டிக்கொண்டது.

"அழுறதுக்கு அவனுக்குச் சம்பளம் குடுக்கினம். எனக்கு ஆர் குடுக்கிறது?" என்றார் யூரெக். பிறகு கொஞ்சம் யோசித்து, "நானும் அழுதால் ஹலினாவுக்கு என்ரை அழுகைதான் கேக்கும். அவன்ரை கேக்காது" என்றார்.

படத்தில் ஒரு பாட்டு வந்தபோது அவர் பேசாமல் இருந்தார். பாட்டுக்கு மேலால் பேசுவது பாவம் என்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டார்.

அன்றிலிருந்து கமலினி வாரத்தில் இரண்டு மூன்று பின்னேரம் அங்கே போனாள். ஹலினாவை அக்கா என்றாள். ஹலினா அவளைக் கமில்கா என்று தங்கள் ஊர்ப் பெயராக்கிக்கொண்டாள்.

"அம்மா, இண்டைக்கும் போலந்துக்கோ?" என்பான் யதுர்சன்.

"ஓமடா. விசா தேவையில்லை. வேலிப் படலை திறந்துதான் கிடக்கு."

"Seriously, உங்களுக்கு ஒரு சொல்லாவது விளங்குதோ?"

"விளங்காது. ஆனா ஒரு மனுசன் மனுசிக்குப் பக்கத்திலை இருந்து கதைக்கிற சத்தம் கேக்குதெல்லே. போட்டு வாறன்."

போன மாரிக்காலத்தில் யூரெக்குக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சு முழுவதுமாகப் போனது. மற்றவர்கள் சொல்வது அவருக்கு விளங்கியது. சொல்ல வருவது கண் வரைக்கும் வந்து, வாயில் ஏறாமல் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியில் வீடு வந்த நாளில் ஹலினா அவரைப் பழைய இடத்திலேயே நிறுத்தி, தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு, பழக்கத்தில் அவர் பக்கம் காதைச் சாய்த்தாள். ஒன்றும் வரவில்லை. ஆட்கள் இங்கிலீஷில் எதையோ பேசிச் சிரித்தார்கள். அவள் சத்தத்தை நிறுத்தினாள். அதன்பிறகு அந்த வீட்டில் படம் ஊமையாகத்தான் ஓடியது.

ஹலினாவுக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. அவர் வாயிலிருந்து ஒரு சொல். ஏச்சானாலும் பரவாயில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், வாயில் ஊறிப்போன பழைய விஷயங்கள் சில வேளை தானாக வரும், பாட்டுகளைப் போட்டுப் பாருங்கள் என்றாள்; கமலினி அதைச் சைகையால் ஹலினாவுக்கு விளக்கினாள். ஹலினா தாங்கள் கலியாணம் செய்த காலத்து நடனப் பாட்டுகளைப் போட்டாள். தேவாலயப் பாட்டுகளைத் தானே நடுங்கும் குரலில் பாடினாள். யூரெக் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் ஒருநாளும் பாடினவரில்லை. பாட்டு வந்தால் வாய் மூடுகிறவர்.

"பாட்டில்லை அக்கா, படம். அண்ணையின்ரை வாயிலை ஊறினது படந்தானே?" என்றாள் கமலினி, தொலைக்காட்சியைச் சுட்டிக்காட்டி.

ஹலினா அவளை உற்றுப் பார்த்தாள். எழுந்து போய்க் கராஜிலிருந்து ஒரு பெட்டியை இழுத்து வந்தாள். உள்ளே பழைய வீடியோ கசெட்டுகள். யூரெக் தொழிற்சாலையில் இரவு வேலை செய்த காலத்தில், ஹலினா தனியே இருந்து பார்ப்பதற்காக, பகல் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு படங்களுக்கு மேலால் தன் குரலைப் பதிந்து வைத்திருக்கிறார். போட்டுப் பார்க்கும் இயந்திரம் எப்போதோ பழுதாகி எறியப்பட்டுவிட்டது.

கமலினியிடம் ஒன்று இருந்தது. கலியாண வீடியோவுக்காக மகாதேவன் பத்திரப்படுத்தியது. அதைத் துடைத்தாள், யதுர்சன் வயர்களைப் பொருத்திக் கொடுத்தான். அதைத் தூக்கிக்கொண்டு படலையைக் கடந்தபோது அவள் மனம் குழந்தையைப்போலத் துள்ளியது. முருகன் கோயிலில் அன்று காலைதான் யூரெக் பேருக்கு அர்ச்சனை செய்திருந்தாள். ஐயர் நட்சத்திரம் கேட்டதற்கு, "அது தெரியாது ஐயா, நல்ல மனுசன்" என்று சொல்லியிருந்தாள்.

கசெட் ஓடத் தொடங்கியது. திரையில் கோடுகள் விழுந்தன. பிறகு அந்தக் குரல் வந்தது. இளம் யூரெக்கின் குரல், ஆனால் அதே ஏற்ற இறக்கமில்லாத குரல். ஹலினா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

யூரெக் நிமிர்ந்தார். உதடுகள் அசைந்தன. முருகா, வருகுது, வருகுது என்று கமலினி உள்ளே கும்பிட்டாள். அவர் வாய் குரலின் பின்னால் ஓடியது. ஒரு சொல்லின் முதல் எழுத்தைப் பிடிப்பதற்குள் குரல் அடுத்த வசனத்துக்குப் போய்விட்டது. மறுபடி ஓடினார். எச்சில் நாடியில் வழிந்தது. குரல் களைப்பே இல்லாமல் ஆணுக்கும் பெண்ணுக்கும் பிள்ளைக்குமாகச் சொல்லிக்கொண்டே போனது. யூரெக்கிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அது சொல்லில்லை. கதவிடுக்கில் விரல் நசிந்தவனிடமிருந்து வரும் சத்தம். இடது கையால் பக்கத்து மேசையை அடித்தார். எலுமிச்சை போட்ட தேநீர்க் கிளாஸ் விழுந்து உடைந்தது.

கமலினி ஓடிப்போய் வயரைப் பிடுங்கினாள். யூரெக் கண்ணை மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுது ஹலினா பார்த்ததில்லை.

"என்ரை பிழை அக்கா" என்று கமலினி தமிழிலேயே சொன்னாள். ஹலினா குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினாள்.

கமலினி சில நாட்கள் அந்தப் பக்கம் போகவில்லை. சுவாமித் தட்டின் முன்னால் நின்றாலும் தேவாரம் வரவில்லை. நல்லது செய்யப்போய் ஒரு மனிதனுக்கு அவன் இழந்ததையே சத்தமாகப் போட்டுக் காட்டிவிட்டோமே என்று கிடந்து வெந்தாள். பயிற்சிக்கு வந்த பெண்ணும் இனி வந்து பயனில்லை என்று சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டாள்.

"அம்மா, நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லைத்தானே. Just go and see them" என்றான் யதுர்சன்.

"எந்த முகத்தோடை போறது?"

"இருக்கிற முகத்தோடைதான். வேறை முகம் இருக்கோ?"

அவள் அவித்த கொழுக்கட்டை கொஞ்சம் எடுத்துக்கொண்டு போனாள். படலை பூட்டப்படாமல்தான் கிடந்தது. உள்ளே ஊமைப்படம் ஓடிக்கொண்டிருந்தது. யூரெக் திரையைப் பார்க்காமல் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹலினா இளைத்துப்போயிருந்தாள். கமலினியைக் கண்டதும் மற்றக் கதிரையிலிருந்த துணிகளை எடுத்து இடம் விட்டாள். கமலினிக்கு அந்த ஒரு செயல் போதுமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தின் பின் ஹலினா தொலைக்காட்சியின் சத்தத்தைத் திறந்தாள்.

"நீ சொல்லு, கமில்கா."

"எனக்குப் போலிஷ் தெரியாதே, அக்கா."

"உன் பாஷை." ஹலினா தன் காதைத் தொட்டுக் காட்டினாள். "வீடு... சத்தம் இல்லை. செத்த வீடு. நீ சொல்லு."

விளங்காத மொழியில் சொல்லி என்ன பயன் என்று கமலினி கேட்கவில்லை. விளங்காத மொழியைக் கேட்கத்தானே அவளும் இத்தனை காலம் இங்கே வந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினாள். திரையில் யாரோ வீடு விற்றுக்கொண்டிருந்தார்கள்.

"இந்த வீடு பழசு. கூரை ஒழுகும். பரவாயில்லை, நாங்கள் திருத்துவம். உங்கடை அம்மா எங்கை? அவ வரமாட்டா."

முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு வாய் பழகிவிட்டது. ஹலினா கண்ணை மூடி, கமலினியின் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டாள். ஒரு பாட்டு வந்தபோது கமலினி பேச்சை நிறுத்திக் கையைக் கட்டிக்கொண்டாள். யூரெக்கின் கண்கள் மடியிலிருந்து எழுந்து அவளிடம் வந்தன.

பாட்டு முடிந்தது. திரையில் ஒரு பெண் குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்று தொலைபேசியை எடுத்தாள். மறுமுனைக் குரலைக் கேட்டு அவள் முகம் வெளிறியது. அவள் ஒரு கேள்வி கேட்டாள். அது மகாதேவன் விழுந்த அன்றைக்குக் கமலினிக்குக் கேட்கத் தெரியாமல்போன கேள்வி.

"எப்ப... எப்ப நடந்தது?" என்றாள் கமலினி. குரல் உடைந்தது. மேலே போக முடியவில்லை.

யூரெக் தன் இடது கையை மெல்ல உயர்த்தினார். உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, அலை எழும்பின தண்ணீரைத் தடவி அடக்குவதுபோல், மெதுவாகத் தாழ்த்தினார். ஒருமுறை. மறுபடி ஒருமுறை.

அவர் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. இனி வராது என்பது அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. ஹலினா கண்ணைத் திறக்காமலே கைநீட்டிக் கணவனின் அசையாத வலது கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

கமலினி மூச்சை இழுத்துவிட்டாள்.

"எப்ப நடந்தது" என்றாள், மழை அறிவிப்பு வாசிப்பதுபோல. "ஆர் பக்கத்திலை இருந்தது. அவர் ஏதும் சொன்னவரோ. இல்லை. ஒண்டும் சொல்லேல்லை."