வால் நேரான கொக்கு

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. சொன்னது நான்தான். முதலில், "பிப்ரவரி வெயிலில் பிளம் பூக்கள்..." என்று தொடங்கினேன். வேண்டாம். எங்கள் ஊர் மன்றத்தின் முன்னால் இருப்பது சைக்கிள் நிறுத்துமிடம்.

2

சனிக்கிழமை காலை மன்றத்துக்குள் பெற்றோரும் பிள்ளைகளும் காகிதம் மடிக்கப் பழகுவார்கள். எனக்குப் பதினாறு வயது. மற்ற பிள்ளைகளுக்குப் பால்பல்கூட விழவில்லை.

அப்பா தச்சர். கோயில் கூரைக்கு மூலை பிடிப்பவர், காகிதத்தில் மூலையோடு மூலை சேர்க்க முடியாமல் வியர்த்தார்.

"மாமா, உங்க கொக்கு வாத்து மாதிரி இருக்கு!" என்றான் எதிரே இருந்த ரியோஹெய்.

"இருக்கட்டும்டா. வாத்துன்னா முட்டையாவது போடும்."

அவன் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "நீங்க கட்டுற வீடாவது நேரா நிக்குமாங்க?"

[இங்கே துணிச்சலான ஒரு மகள் ஏதாவது பேசுவாள். எனக்கு அவளை எழுத வரவில்லை. நான் காதுவரை சிவந்ததுதான் நடந்தது.]

3

தாள் தீர்ந்துபோனது. அப்பா என் பையிலிருந்து நோட்டை எடுத்தார். பள்ளிக் கணக்கு நோட்டு என்ற நினைப்பில் பின்னட்டையைத் திறந்து, வெறும் தாள் என்று கிழித்தார். நானோ அதில் ஜப்பானியப் பழைய முறைப்படி மேலிருந்து கீழாக, வலக்கோடியில் தொடங்கி எழுதுகிறவள். அவருக்குக் கடைசித் தாள், எனக்கு முதல் தாள். அதன் மறுபுறத்தில் இருந்தது: "ஏப்ரலில் பள்ளிக்குத் திரும்ப மாட்டேன். அப்பாவிடம் எப்படிச் சொல்வேன்?"

நான் இப்போது பள்ளிக்குப் போவதில்லை. ஏப்ரலில் புது வகுப்பு தொடங்கும்போது திரும்புவேன் என்று நம்பித்தான் அப்பா ஞாயிறுதோறும் என் சீருடைக்கு இஸ்திரி போட்டுக் கதவில் மாட்டுகிறார்.

"என்னமோ எழுதியிருக்கே, சிகுசா? கண்ணாடிய வீட்லயே வெச்சுட்டேன்."

"பழைய பாடம்பா. மடிங்க."

மடித்தார். எழுத்து உள்ளே போனது. வால் கோணிய அந்தக் கொக்கு எங்கள் ஃப்ரிட்ஜின் மேல் குடியேறியது. அவர் வேலைக்குப் போனதும் நான் அதை எடுத்து அடுப்பில்...

(இல்லை. எடுத்தேன், தூசி தட்டினேன், வைத்துவிட்டேன்.)

4

ஐந்து சனிக்கிழமைகள் போயின. அப்பாவுக்குக் கை பழகிவிட்டது.

நேற்று ஞாயிறு. ஃப்ரிட்ஜின் மேலே பார்த்தேன். கொக்கின் வால் நேராக இருந்தது.

பிரித்து, படித்து, மறுபடி மடித்திருக்கிறார். முன்பைவிட நன்றாக. வேறு யாராக இருக்கும்? வீட்டில் நாங்கள் இருவர்தான்.

இன்று காலை என் கதவில் சீருடை இல்லை.

"மீன் கொஞ்சம் கருகிடுச்சு, பரவால்லையா?" என்று மட்டும் கேட்டார்.

"பரவால்லப்பா." இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டேன்.

5

முடிவு என்று மூன்று எழுதி, மூன்றையும் அடித்துவிட்டேன். ஒன்றில் நான் அழுதேன். நிஜத்தில் எனக்குப் பசிதான் எடுத்தது.

கொக்கை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் இறக்கைக்குள் சிவப்பாக ஏதோ தெரிகிறது. என் மை கறுப்பு. சிவப்பு, மரத்தில் குறியிட அப்பா காதில் செருகியிருக்கும் பென்சில். நான்கைந்து சொற்கள் இருக்கலாம்.

பிரித்தால் தெரிந்துவிடும். ஆனால் திரும்ப மடிக்கும்போது என் கையில் வால் கோணிவிடும். அவருக்கும் தெரிந்துவிடும்.

கொக்கை இந்தப் பக்கத்தின் மேல் வைக்கிறேன். நீங்கள் வேண்டுமானால் பிரித்துக்கொள்ளுங்கள். என்ன இருந்தது என்று இன்றைக்கு என்னிடம் சொல்ல வேண்டாம். வாசலில் அப்பா உளி தீட்டியபடி சீட்டியடிக்கிறார், சுருதி சேராமல். நான் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.