ஆறுக்கு இரண்டு

ஒரு கட்டுரைக்கு இரண்டு நிமிடம். திரையில் மாணவரின் கையெழுத்து வரும், பெயர் இருக்காது. ஆறுக்கு எவ்வளவு என்று தட்ட வேண்டும். அதே கட்டுரையை வேறொரு மேசையில் இன்னொருவரும் படித்துத் தட்டுவார். இருவரும் ஒத்துப்போனால் அதுவே முடிவு. ஒன்றுக்கு மேல் வித்தியாசம் வந்தால் மேற்பார்வையாளரிடம் போகும். இருவரின் சதவீதமும் இறங்கும். எழுபதுக்குக் கீழே போனால் வேலை கிடையாது. நான் அன்றைக்குச் சரியாக எழுபதில் நின்றேன்.

கல்லூரியை இரண்டாம் வருடத்தில் விட்டவனை இதற்கு எடுத்ததே ஆள் பற்றாக்குறையால்தான். அதற்கு முன் கிடங்கில் இரவுக் காவல். அங்கேயும் யாரும் பேசமாட்டார்கள். இங்கே நாற்காலிக்கு மெத்தை உண்டு, அவ்வளவுதான் முன்னேற்றம்.

தட்டி முடித்ததும் மறுபக்கம் படித்தவரின் அட்டை எண்ணும் மார்க்கும் ஒரு நொடி தெரியும். மற்றவர்களோடு எனக்கு முட்டிக்கொள்ளும். நாற்பத்தொன்று என்ற எண்ணோடு மட்டும் ஒத்துப்போகும். நான்கு மாதமாக என் நாளில் எனக்கு ஆமாம் போட்ட ஒரே ஆள். நீளமாக எழுதினால் நாலு, மேற்கோள் இல்லாவிட்டால் இரண்டு என்று அந்த ஆளின் கை எனக்கு அத்துப்படி. கட்டுரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, நாற்பத்தொன்று என்ன போடும் என்று பார்க்கப் பழகியிருந்தேன்.

அந்த வாரக் கேள்வி ஒரு பக்கக் கதை. வாடகை வீட்டைக் காலி செய்பவர் வாசல் மணியைக் கழற்றி எடுத்துப் போகிறார். ஏன் என்று விளக்க வேண்டும். பழைய நினைவுகள், பிரிவுத் துயரம் என்று ஐந்நூறு பேர் எழுதியிருந்தார்கள். ஒன்று மட்டும் இப்படி வந்தது:

‘மணியின் பித்தான் இன்னும் பளபளவென்று இருந்ததாகக் கதையில் வருகிறது. ஏழு வருடத்தில் ஒருவர்கூட அழுத்தவில்லை. அடுத்துக் குடிவருபவர் அதைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்றுதான் கழற்றினார்.’

அவ்வளவுதான். கதையின் வரிகளை மேற்கோள் குறிக்குள் எடுத்தெழுதவில்லை. விதிப்படி இரண்டு. என் அறைக்கு வாசல் மணியே கிடையாது. திரும்பவும் படித்தேன். இரண்டு நிமிடம் முடியப்போனது. நாற்பத்தொன்றை நினைத்துக்கொண்டு இரண்டு தட்டினேன். அங்கேயும் இரண்டு. ஒத்துப்போனது.

தண்ணீர் பிடிக்கும் இடத்தில் முன்னால் நின்ற பெண்ணின் கழுத்து அட்டையில் 41 என்று இருந்தது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவரும் என் அட்டையைப் பார்த்தார்.

“நீங்கதான் பதினேழா? தாடி வச்ச பெரியவரா இருப்பீங்கன்னு நெனச்சேன்.”

“நான் உங்களை ஆம்பளைன்னு நெனச்சேங்க்கா.”

“எங்க வீட்டுக்காரரும் அதையேதான் சொல்றாரு.”

“அந்த வாசல் மணிக் கட்டுரை...”

“அதுவா. காலையிலேருந்து அது ஒண்ணைத்தான் படிச்சேன். மத்ததெல்லாம் சும்மா தள்ளினேன். ஆறு போட வேண்டியது.”

“அப்புறம் ஏன் ரெண்டு?”

“மேற்கோள் இல்லைன்னா நீங்க ரெண்டுதானே போடுவீங்க.”

“நீங்க ரெண்டு போடுவீங்கன்னுதான் நான் போட்டேன்.”

அவர் பாட்டில் மூடியை மெதுவாகத் திருகினார். நான்கு மாதம் பக்கத்தில் ஒரு ஆள் இருப்பதாக நினைத்திருந்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

“வாங்க, போய்ச் சொல்லலாம்” என்றேன்.

“ஒத்துப்போன பிறகு மாத்தினா, மாத்தறவங்க கணக்குலதான் பிழை ஏறும். நான் எழுபத்தொண்ணு சதவீதத்துல நிக்கறேன். ஒருத்தர் போனாலே போதும் தம்பி. என்னைக் கேட்டா ரெண்டுன்னுதான் சொல்லுவேன்.”

அதில் தப்பில்லை. நானே போனேன்.

“ஒத்துப்போனதைத் திறக்கச் சொல்லி இதுவரைக்கும் எவனும் வந்ததில்ல” என்றார் மேற்பார்வையாளர். “தூங்கிட்டியா?”

“இல்ல சார். நல்லா படிச்சுட்டுத்தான் தப்பா போட்டேன்.”

“ஆறுன்னு மாத்தினா வித்தியாசம் நாலு. நான் படிச்சு முடிவு பண்ணணும். பிழை உனக்கு மட்டும். எழுபதுக்குக் கீழ போயிடுவ.”

“தெரியும் சார்.”

மாற்றினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. அவருக்கு யாரும் நேரம் பார்ப்பதில்லை.

“அஞ்சு” என்றார். “மேற்கோள் இல்ல. ஒண்ணு கொறைக்காம விட முடியாது.” பிறகு என் பக்கம் திரும்பாமலே கை நீட்டினார். அட்டையைக் கழற்றிக் கொடுத்தேன்.

எழுதிய பிள்ளைக்கு ஐந்து என்று போகும். ஒரு மார்க் எங்கே போனது என்று வீட்டில் கேட்பார்கள்.

வெளியேறும் வழியில் நாற்பத்தொன்றின் மேசை. அவர் தலையைத் தூக்கவில்லை.

“என்ன போட்டாரு?”

“அஞ்சு.”

“பரவாயில்ல” என்றார். மூன்று தட்டினார். திரையில் ஒரு நொடி வேறு யாருடைய எண்ணோ வந்து போனது. அங்கேயும் மூன்று.