சம்பந்தி வாங்கித் தந்த ஏல்

அந்த இங்கிலீஷ் பப்புக்குள் கால் வைத்ததுமே குலசிங்கத்துக்கு நாக்கு ஊறியது. அதுதான் அவருக்குப் பயமாகவும் இருந்தது.

மகள் அட்சயா பிரசவ லீவு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புகிறாள். பகலில் பேரனைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் குலசிங்கம். மகள் போட்டது ஒரே நிபந்தனை: ஒரு சொட்டும் தொடக்கூடாது. ரூஜ் பகுதியில் இருக்கும் வீட்டுக் கராஜில் அவர் குடிவெறியில் விழுந்து கிடந்ததைக் கண்டவள் அவள்தானே. அன்றைக்கே அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். சத்தியம் அடுத்த பனி கொட்டும்வரைதான் தாக்குப்பிடித்தது. அந்த விஷயம் அவருக்கும் கராஜில் கிடக்கும் பழைய டயர்களுக்கும் மட்டும்தான் தெரியும்.

இன்றைக்குச் சம்பந்தி கிரஹாமின் பிறந்தநாள். மருமகனுக்கு வேலை, வர முடியவில்லை. கிரஹாம் இங்கிலாந்தை விட்டு வந்து எத்தனையோ காலமாகியும் குளிர்ந்த பீரைக் கண்டால் முகம் சுளிக்கிற மனுஷன். ரொறன்ரோவில் வாயில் வைக்கக்கூடிய ஏல் என்கிற இங்கிலீஷ் பீர் இங்கேதான் கிடைக்கும் என்று அடம்பிடித்து இவர்களை வரவழைத்திருந்தார்.

கவுண்டரில் நின்ற பெண் கைப்பம்பை நிதானமாக இழுக்க, ஏல் செம்பு நிறத்தில் கிளாசில் ஏறியது. கிரஹாம் இரண்டு கிளாசைத் தானே தூக்கி வந்து ஒன்றைக் குலசிங்கத்தின் முன்னால் வைத்தார்.

"இதற்குக் காஸ் அடிப்பதில்லை. பீப்பாய்க்குள்ளேயே நொதித்துப் பழுத்தது. உயிருள்ள சாமான்," என்றார் ஆங்கிலத்தில்.

குலசிங்கம் கையெடுத்துக் கும்பிடாத குறையாக மறுத்தார். கிரஹாமின் முகம் வாடிப்போனது. மடியில் பிள்ளையோடு இருந்த அட்சயா தகப்பன் பக்கம் சாய்ந்தாள்.

"அப்பா, பேர்த்டே எல்லே. ஒரு வாய் குடியுங்கோ. இவ்வளவு காலம் தொடாமல் இருந்தனீங்கள், ஒரு வாயில என்ன வந்திடப்போகுது? ஐ ஆம் சோ ப்ரவுட் ஒஃப் யூ."

நெஞ்சு சுட்டது. வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது. ஆனால் மனுஷன் லேசுப்பட்ட நடிகரா? கிளாசை இரண்டு கையாலும் தூக்கி ஒரு மிடறு விழுங்கினார். அதிகம் குளிரில்லாமல், புதிதாகச் சுட்ட பாணின் வாசத்தோடு அது தொண்டைக்குள் இறங்கியது. இன்னொரு மிடறுக்கு உடம்பு முழுக்கக் கெஞ்சியது. பல்லைக் கடித்துக்கொண்டு கிளாசைக் கீழே வைத்தார்.

"சீ, கைக்குது. உதை முந்தி எப்பிடித்தான் குடிச்சனோ!"

அட்சயா சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்துக் கிரஹாமும் சிரித்தார். குலசிங்கத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பேரனைக் கொஞ்சம் பிடியுங்கோ. நான் கவுண்டரில சாப்பாட்டுக்குச் சொல்லிப்போட்டு வாறன்," என்று அட்சயா பிள்ளையை நீட்டினாள்.

குலசிங்கத்தின் கை பிள்ளையிடம் போகவில்லை. தன்பாட்டில் சட்டைப் பைக்குள் போய், ஒரு கராம்பை எடுத்து வாயில் போட்டது. பல்லில் அது நொறுங்கிய பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கே தெரிந்தது.

அட்சயா பிள்ளையை நீட்டியபடியே நின்றாள். குளிர்காலம் முழுக்க அவர் பேரனைத் தூக்கிக் கொஞ்சும்போதெல்லாம் அடித்த அதே கராம்பு வாசம். பல்லுவலி என்று சொல்லியிருந்தார். அவளும் நம்பிப் பல் டொக்டரிடம் நேரம் எடுத்துக் கொடுத்தாள்; அவர் போகவேயில்லை.

கிரஹாமுக்கு ஒன்றும் விளங்கிவிடக்கூடாது என்று சிரிப்பைக் கலைக்காமலே கேட்டாள்.

"உது பல்லுவலிக்கில்லை, என்னப்பா?"

பொய் வாய்வரை வந்துவிட்டது. பேரன் இரண்டு கையையும் அவரிடம் நீட்டித் துள்ளிக்கொண்டிருந்தான்.

"இல்லைப் பிள்ளை."

"கடைசியா எப்ப குடிச்சனீங்கள்?"

"இண்டைக்குக் காலமை."

"குடிச்சுப்போட்டோ எங்களைக் காரில ஏத்திக்கொண்டு வந்தனீங்கள்? இவனையும்?"

"ஓம்."

அட்சயா பிள்ளையைத் திரும்ப நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அது சிணுங்கத் தொடங்கியது.

"என்ன சொல்கிறார்? பிடித்திருக்கிறதாமா?" என்று கிரஹாம் ஆவலாகக் கேட்டார்.

"நன்றாகப் பிடித்திருக்கிறதாம்," என்று ஆங்கிலத்தில் பதில் சொன்னாள் அட்சயா.

மேசைக்குக் கீழே அவளுடைய மற்றக் கை நீண்டது. குலசிங்கம் கார்ச் சாவியை எடுத்து அதில் வைத்தார். திங்கட்கிழமையைப் பற்றி அவர் கேட்கவில்லை.