பஞ்சு பிரேக்

"எல்லாரும் பாதத்தை உள்ள சொருகிட்டீங்களா?" என்று துடுப்புக்காரன் மூன்றாவது தடவையாகக் கேட்டான்.

ரப்பர் படகின் குறுக்கே, கொழுத்த தலையணை மாதிரி காற்றடைத்த குழாய் ஒன்று கிடந்தது. அதற்கும் படகின் தரைக்கும் நடுவில் இருந்த இடுக்கில் பாதத்தை நுழைத்து இறுக்கிக்கொள்ள வேண்டும். விளிம்பில் உட்கார்ந்திருப்பவரைப் படகோடு பிடித்து வைப்பது அந்த இடுக்கு ஒன்றுதான். "கையில துடுப்பு இருக்கும், அதனால கையை நம்பாதீங்க. கால்தான் உங்களைக் காப்பாத்தும்" என்று கரையிலேயே பாடம் எடுத்துவிட்டுத்தான் எல்லோரையும் ஏற்றியிருந்தான்.

"அண்ணே, உங்க கால்?"

"இருக்கு, இருக்கு. நல்லா டைட்டா இருக்கு" என்றார் பஞ்சு.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி யதேச்சையாகக் குனிந்து பார்த்தாள். இடது பாதம் இடுக்குக்குள் இருந்தது. வலது பாதம் வெளியே, குழாயின் மேல், யாரோ வைத்துவிட்டு மறந்துபோன பொருள் மாதிரி கிடந்தது. ஊருக்கெல்லாம் ரூல்ஸ் பேசுகிற மனுஷன், துடுப்புக்காரனிடம் விளையாடுகிறார் போலிருக்கிறது என்று நினைத்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் படகு கரையை விட்டு நழுவியிருந்தது.

பஞ்சு என்பது டிப்போவில் வைத்த பெயர். அவர் பிரேக் போட்டால் பஞ்சு மூட்டையில் மோதியது மாதிரி பஸ் நிற்கும் என்பார்கள். நின்றுகொண்டு வருகிறவர்கள் கம்பியைப் பிடிக்க வேண்டியதில்லை, தூங்குகிற குழந்தை முழித்துக்கொள்ளாது. இருபத்தைந்து வருடம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியதற்காகப் போன மாதம் மேடையேற்றி, மாலை போட்டு, ஒரு சான்றிதழும் இரண்டு பேருக்கான உல்லாசப் பயணக் கூப்பனும் கொடுத்தார்கள். காலையில் ஆற்றில் படகு, மத்தியானம் கரையிலேயே பாத மசாஜ். "காலை வெச்சுப் பொழைச்ச மனுஷன், காலுக்கே மரியாதை பண்றோம்" என்று மேலாளர் மைக்கில் சொன்னபோது கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அன்றைக்கு அவர் முகம் ஏன் அப்படி இறுகிப் போயிருந்தது என்று அவளுக்குப் புரியவில்லை. சந்தோஷத்தில் சில பேருக்கு அப்படித்தான் ஆகும் என்று விட்டுவிட்டாள்.

ஆறு முதலில் சாதுவாகத்தான் போயிற்று. இரண்டு கரையிலும் மூங்கில் வளைந்து தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. கொடிகள் மரத்துக்கு மரம் தாவியிருந்தன. வெயில் இலைகளுக்கு நடுவே சில்லறையாக விழுந்தது. எதிர் விளிம்பில் புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று, துடுப்பைத் தண்ணீரில் போடாமலேயே சிரித்துக்கொண்டிருந்தது. பஞ்சுவின் மனைவி ஈரக் காற்றை நன்றாக இழுத்து விட்டாள். தையல் கடையில் நாள் முழுக்க நூல் தூசியை மூச்சில் வாங்குகிறவளுக்கு இந்தக் காற்றே பெரிய கூப்பன்.

வளைவு தாண்டியதும் தண்ணீர் வெள்ளையாக நுரைத்தது. துடுப்புக்காரன் கத்தினான். படகின் மூக்கு இறங்கி, ஒரு பாறையை உரசி, சட்டென்று தூக்கிப் போட்டது. மற்ற எல்லோரும் ஆடினார்கள். பஞ்சு மட்டும் மூட்டை சரிகிற மாதிரி பின்பக்கமாகச் சரிந்து தண்ணீருக்குள் போனார்.

துடுப்புக்காரன் ஒரே எட்டில் பாய்ந்து, அவர் போட்டிருந்த ஆரஞ்சு மிதவைச் சட்டையைத் தோளில் பிடித்து, மீன் இழுக்கிற மாதிரி இழுத்து உள்ளே போட்டான்.

"கால் உள்ள இருக்குன்னு சொன்னீங்களேண்ணே!"

"இருந்துச்சுப்பா. வழுக்கிடுச்சு" என்று இருமிக்கொண்டே சிரித்தார் பஞ்சு. "இருபத்தஞ்சு வருஷத்துல முதல் ஆக்சிடென்ட். நல்லவேளை, வேற ஒருத்தன் வண்டியில."

எல்லோரும் சிரித்தார்கள். புது மணப்பெண் கைதட்டினாள். அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகத்தை அவள் பார்த்திருந்தாள். விளையாட்டுக்குக் காலை வெளியே வைத்தவன் விழுந்தால் முகத்தில் அசடு வழியும். இவர் முகத்தில் இருந்தது திகைப்பு. கால் உள்ளேதான் இருக்கிறது என்று அந்த மனுஷன் நிஜமாகவே நம்பியிருக்கிறார்.

மிச்சத் தூரம் அவள் கரையைப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. இரண்டு மாதம் முன்னால் மாடிப்படியில் வலது கால் செருப்பு கழன்று விழுந்தது. அவர் பாட்டுக்கு வெறுங்காலோடு தெரு முனை வரை போய்விட்டார். "உங்க தலையில ஞாபகம் இல்லைன்னா காலுக்காவது இருக்கக் கூடாதா?" என்று அவள்தான் செருப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள். இன்னொரு நாள் சாயங்காலம், கடையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர் காலைத் தூக்கிப் போட்டபோது குதிகாலில் அவளுடைய குண்டூசி ஒன்று பாதி வரை இறங்கியிருந்தது. பதறிப் பிடுங்கினாள். "அதுவா, அப்பவே குத்துச்சு. எடுக்கச் சோம்பல்" என்றார். அப்போது நன்றாகத் திட்டினாள். திட்டிய ஜோரில் யோசிக்க மறந்துவிட்டாள்.

படகு இறங்குமிடத்தில் ஓலைக்கூரை போட்ட நீளமான கொட்டகை. சாய்வு நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு முக்காலி, ஒரு வெந்நீர்த் தொட்டி. உலர்ந்த சட்டை மாற்றிக்கொண்டு வந்து பஞ்சு ஒரு நாற்காலியில் சாய்ந்தார். பக்கத்து நாற்காலியில் அவள். இரண்டு பெண்கள் வந்து முக்காலியில் உட்கார்ந்து, காலைக் கழுவித் துடைத்து மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்கள். பஞ்சுவின் காலை எடுத்தவளுக்கு நாற்பது வயதிருக்கும். கட்டைவிரல் இரண்டும் தேய்ந்து தட்டையாக இருந்தன.

"அழுத்தம் அதிகமா இருந்தா கையைத் தூக்குங்க சார். வாய் பொய் சொல்லும், கை சொல்லாது" என்று சிரித்தாள்.

"நீ அழுத்தும்மா. இந்தக் கால் பாக்காத அழுத்தமா?" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் மனைவியின் காலைப் பிடித்த பெண் உள்ளங்காலின் நடுவில் விரலை ஊன்றியதும் உயிர் போய் உயிர் வந்தது. தையல் மெஷினின் மிதியை இருபது வருடம் மிதித்த கால். தன்னை அறியாமல் "ஆ" என்றாள்.

"ஆ... அங்கதான்" என்றார் பஞ்சுவும்.

கொஞ்ச நேரம் கழித்து, கால் விரல்களை நெட்டி முறித்தபோது அவள் "அப்பாடி" என்றாள்.

"அப்பாடி" என்றார் அவர். சொல்லிவிட்டுக் கையையும் லேசாகத் தூக்கினார்.

அவள் தலையைத் திருப்பினாள். அவர் கண் மூடித்தான் இருந்தது. அவர் எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் முகத்தில் சிரிப்பு இல்லை. அந்தப் பெண் வலது பாதத்தை மடியிலேயே விட்டுவிட்டு, தன் இரண்டு கைகளையும் மெதுவாக மேலே தூக்கினாள். எண்ணெய் மினுங்கும் பத்து விரலும் காற்றில் நின்றன. பாதத்தை யாரும் தொடவில்லை.

என்ன செய்கிறோம் என்று தெரிந்தேதான் அவர் மனைவி அதைச் செய்தாள். "ஸ்ஸ்... ஆ" என்று வலித்த மாதிரி முனகினாள்.

"ஆ... அங்கதான்ம்மா. கொஞ்சம் அழுத்து" என்றார் பஞ்சு.

அந்தப் பெண்ணும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெண் கைகளை இறக்கி, காய்ச்சல் குழந்தையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி அந்தப் பாதத்தைத் தொட்டுத் தடவ ஆரம்பித்தாள். முடிகிற வரை அவள் அழுத்தவே இல்லை.

துண்டை உதறிக்கொண்டே எழுந்தபோது மட்டும், பஞ்சு தள்ளிப் போனதும், அவர் மனைவியிடம் மெல்லக் கேட்டாள். "சார் என்ன வேலை பாக்கறாருக்கா?"

"பஸ் டிரைவர்."

அந்தப் பெண் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

பஸ் வர அரைமணி இருந்தது. ஆற்றைப் பார்த்த சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எடுத்த எடுப்பில் கேட்டுவிட வேண்டும், சுற்றி வளைத்தால் இந்த மனுஷன் ஜோக் அடித்துத் தப்பித்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

"எத்தனை நாளா?"

"என்னது எத்தனை நாளா?"

"நடுவுல கொஞ்ச நேரம் அந்தப் பொண்ணு காலைத் தொடவே இல்லைங்க. கையைத் தூக்கிட்டு உக்காந்திருந்தா. நான் முனகினேன், நீங்களும் முனகினீங்க."

அவர் தண்ணீரையே பார்த்தார். துடுப்புக்காரன் அடுத்த கூட்டத்தை ஏற்றிக்கொண்டிருந்தான். பாதத்தைச் சொருகச் சொல்கிற குரல் இங்கே வரை கேட்டது.

"எட்டு மாசம்" என்றார். "இடுப்புல சுருக்குன்னு ஒரு வலி. அது போச்சுன்னு சந்தோஷப்பட்டேன். போகும்போது காலையும் கூட்டிட்டுப் போயிடுச்சு. இடது கால் நல்லாத்தான் இருக்கு."

"பிரேக் எந்தக் கால்?"

அவர் கை வலது முழங்கால் மேல் போய் நின்றது.

"டாக்டர்?"

"அவர்கிட்ட போனா எழுதிடுவாரே. வருஷா வருஷம் மெடிக்கல்ல கண்ணைப் பாக்கறான், காதைப் பாக்கறான், சர்க்கரை பாக்கறான். காலை எவன் பாக்கறான்? ரிட்டயர் ஆக இன்னும் மூணு வருஷம். சமாளிச்சிடலாம்னு..."

"எப்படிங்க சமாளிக்கிறீங்க? நான் மெஷின் மிதிக்கிறவ. மிதி எங்க இருக்குன்னு கால் சொல்லலைன்னா ஊசி எங்க நிக்கும்னு எனக்குத் தெரியாது. நீங்க எப்படி நிறுத்தறீங்க?"

அவர் சொன்னபோது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"உள் கண்ணாடி இருக்குல்ல, அதுல பாப்பேன். நின்னுட்டு வர்றவங்க எவ்வளவு சாயறாங்களோ, அவ்வளவு மிதிச்சிருக்கேன்னு அர்த்தம். லேசா சாஞ்சா சரியான மிதி. ரொம்பச் சாஞ்சா காலைத் தூக்கிடுவேன். ஒருத்தரும் ஒண்ணும் கண்டுபிடிக்கலை. இன்னும் பஞ்சுன்னுதான் சொல்றாங்க."

"வண்டியில யாரும் நிக்கலைன்னா?"

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். அந்தக் கேள்வியை எட்டு மாதமாக அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று அந்தப் பார்வையில் தெரிந்தது.

"நாளைக்கு என்ன டியூட்டி?"

"காலையில அஞ்சு நாப்பது. அப்புறம் ஸ்கூல் டிரிப்."

"மேலாளருக்கு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"சொன்னா நாளைலேருந்து ஒரு ஸ்டூலைப் போட்டு, வர்ற வண்டி போற வண்டி டைம் எழுதுன்னு உக்கார வெச்சுடுவாங்கம்மா. நான் ஓட்டின வண்டியை எவனோ கொண்டுட்டு வருவான். நான் டைம் எழுதணும்." சட்டென்று எழுந்தார். "வண்டி வந்துடுச்சு, வா."

பஸ்ஸில் ஒரு சீட்டும் காலியில்லை. ஓட்டுநர், பஞ்சுவின் டிப்போவிலேயே வேலை பார்க்கிற ஓர் இளைஞன். கண்ணாடியில் பார்த்ததும் கத்தினான். "தலைவா! அவார்டு டிரைவர் வண்டியில ஏறிட்டாரு, எனக்குக் கை நடுங்குது. எல்லாரும் கம்பியைப் பிடிச்சுக்குங்க, இது பஞ்சு வண்டி இல்லை!" கண்டக்டர் யாரையோ எழுப்பி சீட் வாங்கிக் கொடுக்கப் போனார். பஞ்சு கையைக் காட்டித் தடுத்துவிட்டு, ஓட்டுநருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் அவரை ஒட்டி நின்றாள்.

முதல் வளைவிலேயே ஒரு மாடு குறுக்கே வந்தது. இளைஞன் ஓங்கி மிதித்தான். நின்றவர்கள் எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்ந்தார்கள். பஞ்சுவின் வலது கால் தானாக எழும்பி, தானாகக் கீழே மிதித்தது. வழியில் கிடந்தது அவள் கால். மனுஷன் முழு எடையோடு பிரேக்கை மிதித்துவிட்டு, கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எண்ணெய் தடவி இளகியிருந்த விரல்கள் ஐந்தும் நசுங்கின. பல்லைக் கடித்தாள். இப்போது எடுப்பார், இப்போது எடுப்பார் என்று காத்திருந்தாள். மாடு போயிற்று. பஸ் கிளம்பிற்று. ஒரு நிறுத்தம் வந்து ஆள் இறங்கி ஆள் ஏறினார்கள். அவர் எடுக்கவில்லை. அவளும் இழுத்துக்கொள்ளவில்லை. இன்னொரு நிறுத்தம். கண்ணில் தண்ணீர் முட்டிற்று.

மூன்றாவது நிறுத்தத்தில்தான் கண்ணாடியில் அவள் முகம் அவர் கண்ணில் பட்டது. திரும்பினார். அவள் எங்கே பார்க்கிறாள் என்று பார்த்து, குனிந்து பார்த்தார். சூடு பட்டவர் மாதிரி காலை எடுத்தார். அவள் செருப்புக்கு மேலே, சதையில், அவர் செருப்பின் வரி வரியான அச்சு சிவப்பாகப் பதிந்திருந்தது.

"எவ்வளவு நேரமா?" என்றார்.

"மூணு ஸ்டாப்பா."

முன்னால் இளைஞன் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினான். பள்ளிக்கூடம் விட்டு வந்த பெண் பிள்ளைகள் நாலைந்து பேர் ஏறி, பையைக் கீழே போட்டுவிட்டு, எதையும் பிடிக்காமல் கதை பேசிக்கொண்டு நின்றார்கள். பஞ்சு கண்ணாடியில் அவர்களைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். ஆற்றில் நனையாமல் இருக்கத் துடுப்புக்காரன் கொடுத்த பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே அது இன்னும் இருந்தது. ஒரு கையால் உறையைப் பிரிக்க முடியவில்லை. அவள் கை நீட்டி உறையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வளைவில் பஸ் மெல்ல வேகம் குறைந்தது. பிள்ளைகள் எல்லோரும் பேச்சை நிறுத்தாமல், காற்றில் சாய்கிற நாணல் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தார்கள்.