தம் என்றால் நில்

இன்னொரு தடவை பிசகினால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று பட்டாளப் பயிற்சி முகாமில் திரிஷாவிடம் சொல்லிவிட்டார்கள். துப்பாக்கி சுடுவதில் தேறிவிட்டாள். ஓட்டத்தில் அவள்தான் முதல் ஆள். கயிறு ஏறுவதில் முகாமைச் சுற்றியிருந்த குரங்குகளே அவளிடம் வந்து சந்தேகம் கேட்டுவிட்டுப் போயின. அணிவகுப்பில்தான் கோளாறு. அணி நிற்கும். அவள் மட்டும் போய்க்கொண்டே இருப்பாள். ஒருமுறை மைதானம் முடிந்து, வேலி முடிந்து, அதற்கப்பால் எருமை மேய்த்துக்கொண்டிருந்தவர் பயந்து எழுந்து சல்யூட் அடித்த பிறகுதான் நின்றாள்.

பயிற்சி கொடுத்த நாயக் ஷீபா பாலக்காட்டுக்காரி. தமிழும் வரும்.

"நீ எங்ஙோட்டா போணே? குமுளிக்கு இப்படியே நடந்து போயிடலாம்னு பார்க்கிறியா?"

தனக்கே தெரியாததைத் திரிஷா எப்படிச் சொல்வாள்.

அவள் ஜெயமங்கலத்துப் பிள்ளை, என் எதிர்வீட்டு ராக்கப்பனின் மகள். பட்டாளத்துக்குத்தான் போவேன் என்று விடியுமுன் எழுந்து ரோட்டில் ஓடி ஓடி, எங்கள் தெரு நாய்களையெல்லாம் இளைக்க வைத்தவள். வடக்கே அந்தப் பயிற்சி முகாமுக்குப் போய்ச் சேர்ந்ததும் தூக்கம் போய்விட்டது. சோறும் இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போனைக் கையில் கொடுப்பார்கள். மற்றப் பிள்ளைகள் அழுவார்கள், கொஞ்சுவார்கள். இவள் ஒன்றுதான் கேட்டாள்.

"ஆத்தா, ஒரு குலவை போடு."

"சும்மா எப்படிடி போடுறது? சாமி கும்பிட்டா போடலாம், நாத்து நட்டா போடலாம். கோழி உரிச்சுக்கிட்டு இருக்கேன்டி."

"போடு ஆத்தா. எனக்கு இங்கன கண்ண மூட முடியல."

அவள் அம்மா சந்தனம்மாளின் குலவையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவள் நடவு வயலில் நாக்கைச் சுழற்றினால் ஊர் நாரைகள் கிளம்பிப்போய் வராக நதியில் இறங்கும். குலவை முடிந்த பிறகுதான் திரும்பும். ஒருமுறை பெரியகுளம் பஸ் டிரைவர் அதைக் கண்டக்டர் விசில் என்று நினைத்து வண்டியை எடுத்துவிட, டீ குடிக்க இறங்கிய கண்டக்டர் வடுகபட்டிக்கு ஆட்டோவில் போய்ச் சேர்ந்தார்.

அப்பேர்ப்பட்ட குலவை காரணமில்லாமல் கேட்டால் ஊர் சும்மா இருக்குமா. நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போவதற்குள், எங்கள் தெரு முத்துமாரியம்மாள் தேங்காய் பழத் தட்டோடு வாசலில் நின்றாள்.

"யாரு மதினி வயசுக்கு வந்தது?"

வீட்டில் இருந்தது ராக்கப்பனும் ஒரு கிடாரியும்தான். முத்துமாரியம்மாள் ராக்கப்பனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கிடாரிக்குப் பூ வைத்துவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து திரிஷாவுக்குத் தூக்கம் வந்தது. வாரம் பூராவும் அந்தக் குலவை காதுக்குள் ஓடும். அதைக் கேட்டுக்கொண்டே ஓடினாள், சுட்டாள், ஏறினாள். நிற்க மட்டும் முடியவில்லை.

கண்டுபிடித்தது பக்கத்துக் கட்டில் ஜெனிபர். தேனி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ராஜமணியின் மகள்.

"தம்னு அவுக கத்தும்போது நீ என்னடி செய்யிற?"

"மூச்ச இழுத்துப் பிடிச்சுக்கிறேன்."

"எதுக்கு?"

"தம்னா தம் கட்டணும்ல?"

ஜெனிபர் தலையில் அடித்துக்கொண்டாள். "இந்தியில தம்னா நில்லுன்னு அர்த்தம்டி."

"தெரியும். முத நாளே படிச்சுட்டேன். ஆனா காது ஜெயமங்கலத்துல கெடக்கே."

எங்கள் ஊர் நடவில் குலவை தளர்ந்தால் சந்தனம்மாள் "தம்!" என்று ஒரு அதட்டல் போடுவாள். மூச்சைப் பிடித்து இன்னும் இழுங்கடி என்று பொருள். வரப்பில் தவழ்ந்த நாளிலிருந்து திரிஷா கேட்ட வார்த்தை அது.

குலவையை மறந்து பார்த்தாள். திரும்பவும் தூக்கம் போயிற்று. அணியில் நிற்பது இருக்கட்டும், நடக்கவே கால் பின்னியது. தேர்வு செவ்வாய்க்கிழமை. அதற்கு முன்னால் ஒரே ஒரு ஞாயிறு.

அந்த ஞாயிறு நானும் ராக்கப்பன் வீட்டில் இருந்தேன்.

"ஆத்தா, நீ குலவை போடு. அய்யா பக்கத்துல நின்னு தம்னு கத்தட்டும். கத்துன ஒடனே நிறுத்திரணும்."

"பாதியிலயா?"

"பாதியில."

சந்தனம்மாள் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். "மூச்சு முடியிற வரைக்கும் போட்டாத்தான்டி குலவை. பாதியில அறுத்தா வீட்டுக்கு ஆகாது."

"அறுக்கலேன்னா செவ்வாக்கிழமையோட நான் வீட்டுக்கு வந்துருவேன்."

வந்தால் நல்லதுதானே என்று சந்தனம்மாள் முகத்தில் ஓடியதை நான் பார்த்தேன். ராக்கப்பன் அதை வாயால் சொல்லியே விட்டான்.

"வந்தாத்தான் என்ன."

போனில் மூச்சு மட்டும் கேட்டது. அழுகிற மூச்சு இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிற மூச்சு.

சந்தனம்மாள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். நாரைகள் கிளம்பின. ராக்கப்பன் வாய்க்குள்ளேயே "தம்" என்றான். அவள் பழக்கத்தில் இன்னும் இழுத்தாள். மறுபடியும். மறுபடியும். கடைசியில் அவன் கிடாரி மிரண்டு கயிற்றை இழுக்கும்படி கத்தினான். அவள் நிறுத்தினாள். வாய் திறந்தபடி, நாக்கு அசையாமல் நின்றாள். கண்ணில் நீர் கோத்திருந்தது. மேலே நாரைகள் போவதா வருவதா என்று தெரியாமல் ஒரே இடத்தில் நின்று சிறகடித்தன.

"இன்னொரு தடவ ஆத்தா" என்றது போன்.

நேரம் முடியும்வரை அறுத்துக்கொண்டே இருந்தாள். முத்துமாரியம்மாள் இந்தத் தடவை தட்டில்லாமல், தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள்.

செவ்வாய்க்கிழமை மேஜர் நேரில் வந்து நின்றார். ஷீபா திரிஷாவின் பக்கமே திரும்பவில்லை. "தேஜ் சல்" என்றதும் அணி கிளம்பியது. திரிஷாவின் காதுக்குள் குலவை கிளம்பியது. மைதானத்தின் பாதி போயிற்று. வேலி கிட்டே வந்தது. இப்போது, இப்போது என்று ஒவ்வொரு அடியும் இறங்கியது.

"ஸ்குவாட், தம்!"

குலவை அறுந்தது. அவள் நின்றாள்.

பூட்ஸ்கள் ஒன்றாக இறங்கின. அதற்குப் பிறகு ஒரே ஒரு பூட்ஸ் தனியாகப் போய் விழுந்தது. தன்னுடையதுதானோ என்று திரிஷாவுக்குச் சந்தேகம். குனிந்து தன் காலைப் பார்க்க முடியாது. அசைந்தால் அதுவும் குற்றம். மேஜர் நடந்து வந்தார். அவளைத் தாண்டி அடுத்த ஆளிடம் போய் நின்றார்.

ஜெனிபர்.

தேர்வு முடிந்து குழாயடியில் திரிஷா கேட்டாள். "ஏன்டி இப்படிச் செஞ்ச?"

"உன் காலையே பாத்துக்கிட்டு வந்தேன். எனக்குத் தம் காதுலயே விழல."

ஜெனிபருக்கு இது முதல் தடவைதான். அடுத்த வாரம் இன்னொரு வாய்ப்பு உண்டு. ஆனாலும் மூன்று வேளையும் சோற்றுத் தட்டை அப்படியே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஞாயிறு வந்ததும் திரிஷா தன் போனை அவள் காதில் வைத்தாள்.

சந்தனம்மாள் தயங்கினாள். "அது வேதக்காரகப் புள்ளையாமே, சர்ச்சுக்குப் போறது. குலவை போடலாமா?"

ராக்கப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு போனுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"நீ போடு. நிறுத்துறத நான் பாத்துக்கிறேன்."