வெட்டாத மடிப்பு

சோளக்காடு என்னும் மலையூரில் மிளகு பயிரிடுகிறேன். படம் போட்ட பழைய புத்தகங்களையும் சேர்க்கிறேன். சேலம் ஏலத்தில் எடுத்த பறவைப் புத்தகம்தான் எனக்கு உயிர். மடித்துத் தைத்த தாள்களின் ஓரம் இன்னும் வெட்டப்படாதது. அப்படி இருந்தால்தான் மதிப்பு என்பதால், மடிப்புகளுக்குள் இருந்த படங்களை நானே பார்த்ததில்லை.

ஒருநாள் தோட்டத்திலிருந்து வந்தால், என் மனைவி பழனாயி கிழங்கு சீவும் கத்தியால் எல்லா மடிப்பையும் வெட்டி முடித்திருந்தாள்.

"என்ன காரியம் பண்ணிப்போட்ட!" என்று கத்தினேன்.

"அச்சாபீசுக்காரன் வெட்டாம உட்டுட்டானுங்க. நீங்களும் ஏமாந்து வாங்கியாந்திருக்கறீங்க. இதப் பாருங்க, நம்ம பலாமரத்து மரங்கொத்தி!"

பார்த்தேன். கொண்டைச் சிவப்பு நேற்றுப் பூசியதுபோல் இருந்தது. கோபத்தை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை. இருட்டும்வரை இருவரும் பக்கம் புரட்டினோம்.

பிறகு அலமாரியிலிருந்து இன்னொரு வெட்டாத புத்தகத்தை எடுத்து, கத்தியோடு அவளிடம் நீட்டினேன்.